ஹாரி குரோ பக்

ஹாரி குரோ பக் (1884 – 1943) அமெரிக்காவில் பிறந்து, தம் வாழ்வின் இறுதிக் கால் நூற்றாண்டைத் தமிழகத்தின் உடற்கல்விக்கு அளித்த கல்வியாளர் ஆவார். 1920 ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரியை நிறுவியவர் இவரே. 1924 இல் பாரிசு ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற இந்தியத் தடகள அணிக்கு மேலாளராக இருந்தார். இந்திய ஒலிம்பிக் சங்கமும் மாகாண ஒலிம்பிக் சங்கங்களும் உருவான தொடக்க ஆண்டுகளில் முக்கியப் பங்காற்றினார்.

பக் பெரிய விளையாட்டு வீரராக அறியப்பட்டவர் அல்லர். உலகச் சாதனை எதுவும் இவர் பெயரில் இல்லை. பல விளையாட்டுகளைக் கொண்ட போட்டி விழா ஒன்று நடைபெற வேண்டுமானால் அதற்கு முன்பாக இருக்க வேண்டியவற்றை உருவாக்கியதே இவருடைய பணி. பயிற்சி பெற்ற ஆசிரியர், எழுதி வைக்கப்பட்ட விதிகள், ஊரையும் மாவட்டத்தையும் மாகாணத்தையும் இணைக்கும் அமைப்பு ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். தலைநகரங்களிலிருந்து தொலைவில் வாழும் சிறுவர் சிறுமியர் பெரிய போட்டிகளுக்கு வந்து சேரும் வழி இவற்றின் மூலமாகவே திறந்தது.

பிறப்பும் கல்வியும்

பக் 1884 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். மாசச்சூசெட்சு மாநிலத்தின் இசுப்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ இயக்கம் நடத்திவந்த பயிற்சிப் பள்ளியில் உடற்கல்வி பயின்றார். இப்பள்ளி பின்னர் இசுப்பிரிங்ஃபீல்டு கல்லூரி எனப் பெயர் பெற்றது.

விளையாட்டு வரலாற்றில் இப்பள்ளிக்குத் தனி இடம் உண்டு. குளிர்காலத்தில் மாணவர்கள் அரங்கினுள் விளையாடுவதற்கு ஏற்ற ஆட்டம் ஒன்று வேண்டும் என்பதற்காக, இங்கு ஆசிரியராக இருந்த ஜேம்சு நெய்சுமித் 1891 இல் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். இங்கு பயின்ற வில்லியம் மார்கன் 1895 இல், அருகிலுள்ள ஓலியோக் நகரில் கைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். உடல், மனம், ஆன்மா ஆகிய மூன்றையும் ஒருங்கே வளர்ப்பதே கல்வி என்பது இப்பள்ளியின் கொள்கையாக இருந்தது. ஒய்.எம்.சி.ஏ சின்னத்தில் உள்ள முக்கோணம் இக்கொள்கையைக் குறிப்பதாகும். ஓர் ஆட்டத்தை வகுத்து, அதன் விதிகளை எழுதி, ஆசிரியர்களைப் பழக்கி, அவர்கள் வழியாக அதைப் பரப்பும் முறையைப் பக் இங்குதான் கண்டார்.

அக்காலத் தமிழகப் பள்ளிகள்

பக் சென்னைக்கு வந்த ஆண்டு 1919. அப்போது சென்னை மாகாணத்தின் பெரும்பாலான பள்ளிகளில் உடற்கல்வி என்பது கவாத்துப் பயிற்சியையே குறித்தது. படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் 'டிரில் மாஸ்டர்' என்ற பெயரில் பள்ளிகளில் அமர்த்தப்பட்டனர். மாணவர்கள் வரிசையில் நின்று கட்டளைக்கேற்பக் கையையும் காலையும் அசைத்தனர். ஒவ்வொரு மாணவனின் வயதுக்கும் உடல் நிலைக்கும் ஏற்பப் பயிற்சி அளிக்கும் முறை பரவியிருக்கவில்லை. துடுப்பாட்டம், ஹாக்கி, கால்பந்து போன்ற ஆங்கிலேய ஆட்டங்கள் பெரும்பாலும் படைமுகாம்கள், மன்றங்கள், சில கல்லூரிகள் ஆகியவற்றின் திடல்களோடு நின்றுவிட்டன.

அதே வேளையில் ஊர்களில் விளையாட்டுக்குப் பஞ்சமில்லை. சடுகுடு, சிலம்பம், கிளித்தட்டு, மற்போர் முதலியன எங்கும் இருந்தன. தஞ்சாவூரில் தோன்றிய பூப்பந்தாட்டம் சுற்றுப்புற ஊர்களுக்குப் பரவியது. ஆறு ஓடும் ஊர்களில் நீச்சல் இயல்பாகவே கைவந்தது. ஆனால் இவற்றுக்குப் பொதுவான விதிகள் இல்லை. சடுகுடு ஆட்டத்தில் ஓர் ஊரின் வழக்கம் அடுத்த ஊரில் செல்லாது. இரண்டு ஊர்கள் மோதினாலே எவ்விதியின்படி ஆடுவது என்ற வழக்கு எழுந்தது. இந்நிலையில் மாவட்ட அளவிலோ மாகாண அளவிலோ போட்டி நடத்துவது எளிதன்று.

உடற்கல்விக் கல்லூரி

சென்னையில் ஒய்.எம்.சி.ஏ 1890 முதல் இயங்கி வந்தது. எசுபிளனேடு சாலையில் உள்ள அதன் செந்நிறக் கட்டடம் 1900 இல் திறக்கப்பட்டது. பக் 1920 இல் அங்கு உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பில் ஐந்து மாணவர்களே இருந்தனர். பின்னர் இப்பள்ளி சைதாப்பேட்டையை அடுத்து அடையாற்றின் கரையிலுள்ள பரந்த வளாகத்துக்கு இடம் பெயர்ந்து கல்லூரியாக வளர்ந்தது. அவ்வளாகம் இன்று நந்தனம் பகுதியில் உள்ளது. உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே ஆசியாவில் தொடங்கப்பட்ட மிகப் பழைய நிறுவனங்களில் இதுவும் ஒன்று.

இக்கல்லூரியின் நோக்கம் வீரர்களைப் பழக்குவதன்று, ஆசிரியர்களைப் பழக்குவது. மாணவர்கள் தடகளம், சீருடற்பயிற்சி, கூடைப்பந்து, கைப்பந்து ஆகியவற்றோடு உடற்கூற்றியலையும் உடல்நலக் கல்வியையும் கற்றனர். ஓட்டப் பாதையை அளந்து கோடிடுதல், நேரம் குறித்தல், தாண்டுமிடத்தில் மணல் நிரப்புதல், புள்ளிப் பட்டியல் எழுதுதல், நடுவராக நிற்றல் ஆகியவையும் பாடங்களாகவே கருதப்பட்டன. பயிற்சி முடித்தவர்கள் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஆசிரியர்களாகச் சென்றனர். டிரில் மாஸ்டர் இருந்த இடத்தில் படிப்படியாகப் 'பி.டி. மாஸ்டர்' வந்தார்.

இந்திய உடற்பயிற்சி முறைகளையும் பக் தம் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டார். தண்டால், பஸ்கி போன்ற பயிற்சிகளும் சடுகுடு போன்ற ஆட்டங்களும் மேலை நாட்டு ஆட்டங்களோடு சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. பல ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்து இவர் வெளியிட்ட நூல் ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் கைந்நூலாகப் பயன்பட்டது. இந்நூல் அவருக்குப் பின்னரும் பல பதிப்புகளைக் கண்டது. 1929 இல் கல்லூரியின் சார்பில் 'வியாயாம்' என்ற உடற்கல்வி இதழ் தொடங்கப்பட்டது. தொலைவிலுள்ள பள்ளிகளில் தனியாகப் பணியாற்றிய ஆசிரியர்களுக்குப் புதிய செய்திகள் சென்று சேர இத்தகைய இதழ் உதவியது.

1930களில் உலகப் பொருளாதார மந்தம் காரணமாக ஒய்.எம்.சி.ஏ இயக்கத்தின் வெளிநாட்டுப் பணிகளுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த நிதி குறைந்தது. ஆயினும் கல்லூரி நின்றுவிடவில்லை. 1940 இல் பெண்களுக்கும் இங்கு பயிற்சி அளிக்கத் தொடங்கினர். பெண் ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் மாணவியர் திடலுக்கு வரத் தயங்கிய காலம் அது. ஆகவே இந்த மாற்றம் கல்லூரியின் எல்லையைக் கடந்த பொருள் உடையது.

பாரிசு ஒலிம்பிக் போட்டிகள், 1924

இந்தியா ஓர் அணியாக ஒலிம்பிக் போட்டிகளில் முதன்முதலில் கலந்துகொண்டது 1920 இல், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் ஆகும். தொழிலதிபர் சர் தோராப்ஜி டாட்டாவின் முயற்சியால் சென்ற அந்த அணியில் நான்கு தடகள வீரர்களும் இரண்டு மற்போர் வீரர்களும் இருந்தனர்.

அடுத்த முறை இன்னும் ஒழுங்கான முறையில் வீரர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று டாட்டா கருதினார். ஒய்.எம்.சி.ஏ இயக்கத்தின் உடற்கல்வி இயக்குநராக இருந்த மருத்துவர் ஏ. ஜி. நோரென் இதற்குத் துணை நின்றார். தற்காலிக ஒலிம்பிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1924 பிப்ரவரியில் தில்லியில் அனைத்திந்திய ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த வீரர்கள் ஒரே திடலில், ஒரே விதிகளின்படி, ஒரே கடிகாரத்தின் முன் மோதினர். முன்பு ஒரு மாகாணத்தின் வேகத்தையும் மற்றொரு மாகாணத்தின் வேகத்தையும் ஒப்பிடுவதற்கு வழியில்லை. இப்போட்டி அவ்வழியை ஏற்படுத்தியது.

இங்கு தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டுத் தடகள வீரர்களுடன் பக் மேலாளராகப் பாரிசு சென்றார். அவ்வணியில் நீளம் தாண்டுதலில் பங்கேற்ற தலீப் சிங், மராத்தான் ஓடிய மகாதேவ் சிங், 110 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் பங்கேற்ற சி. கே. லட்சுமணன் ஆகியோர் இருந்தனர். லட்சுமணன் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கண்ணூரில் பிறந்தவர். பின்னாளில் மருத்துவராகி இந்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநராக உயர்ந்தார். இந்திய டென்னிசு வீரர்களும் அதே ஒலிம்பிக்கில் ஆடினர்.

தடகள வீரர்கள் எவரும் பதக்கம் பெறவில்லை. மகாதேவ் சிங் மராத்தானில் 29 ஆவதாக வந்தார். பிற நாட்டு வீரர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சியாளர்களும் ஓட்டத் தடங்களும் மன்றங்களும் இருந்தன. அத்தகைய அமைப்பு இந்தியாவில் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

மாகாணங்களில் ஒலிம்பிக் சங்கங்கள்

பாரிசிலிருந்து திரும்பிய பின்னர், பக்கும் நோரெனும் இந்தியா முழுவதும் பயணம் செய்து மாகாண ஒலிம்பிக் சங்கங்கள் அமைய உதவினர். சென்னை மாகாணச் சங்கம் அமைவதிலும் பக்குக்குப் பங்கு இருந்தது. 1927 இல் தற்காலிகக் குழு முறைப்படி இந்திய ஒலிம்பிக் சங்கமாக மாறியது. தோராப்ஜி டாட்டா அதன் முதல் தலைவராகவும் நோரென் செயலாளராகவும் இருந்தனர். 1928 இல் இவர்கள் விலகியபோது பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் தலைவராகவும் லாகூரைச் சேர்ந்த குரு தத் சோந்தி செயலாளராகவும் பொறுப்பேற்றனர். இந்தச் சோந்தியே பின்னர் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தோன்ற முதன்மைக் காரணமாக இருந்தவர்.

மாகாணச் சங்கங்களின் பயன் தெளிவானது. ஊரில் வெல்பவர் மாவட்டத்துக்கும், மாவட்டத்தில் வெல்பவர் மாகாணத்துக்கும், மாகாணத்தில் வெல்பவர் அனைத்திந்தியப் போட்டிக்கும் செல்லும் ஏணி ஒன்று இதனால் அமைந்தது. இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை நடந்த இந்திய ஒலிம்பிக் போட்டிகள் 1932 இல் சென்னையில் நடைபெற்றன. 1940 இல் பம்பாயில் நடந்தபோது அவை தேசிய விளையாட்டுப் போட்டிகள் என்ற பெயரைப் பெற்றன.

விமர்சனங்கள்

பக்கின் பணி குறித்து மாற்றுக் கருத்துகளும் உண்டு. ஒய்.எம்.சி.ஏ ஒரு கிறித்தவ இயக்கம். ஆகவே விளையாட்டின் வழியே சமயத்தையும் மேலை நாட்டுப் பழக்கங்களையும் பரப்புகிறது என்ற ஐயம் தேசிய இயக்கத்தவர் சிலரிடம் இருந்தது. காலனி ஆட்சியோடு அதற்கிருந்த உறவும் கேள்விக்கு உள்ளானது. இதே காலத்தில் இந்திய உடற்பயிற்சி மரபை முன்வைத்த அமைப்புகளும் வளர்ந்தன. 1914 இல் அமராவதியில் தொடங்கப்பட்ட அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலம் அவற்றுள் முதன்மையானது. அவ்வமைப்பைச் சேர்ந்தவர்கள் 1936 இல் பெர்லினில் கபடி உள்ளிட்ட இந்திய ஆட்டங்களை ஆடிக் காட்டினர்.

இரு தரப்பும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டன என்பதை வரலாறு காட்டுகிறது. சென்னைக் கல்லூரி இந்தியப் பயிற்சிகளை ஏற்றது. இந்திய ஆட்டங்களை வளர்த்தவர்கள் விதி நூல், நடுவர், கால அளவு ஆகியவற்றை ஏற்றனர். கபடி பிற்காலத்தில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இடம் பெற்றதற்கு இந்த விதிமுறைப் பணியே அடிப்படை.

திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும்

பக் உருவாக்க உதவிய முறையின் விளைவைச் சென்னையைவிட மாவட்டத் தலைநகரங்களில் தெளிவாகக் காணலாம். திருச்சிராப்பள்ளி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1883 இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கு இடம் பெயர்ந்த தூய வளனார் கல்லூரி, பிசப் ஈபர் கல்லூரி, தேசியக் கல்லூரி ஆகியவற்றாலும் பழைய உயர்நிலைப் பள்ளிகளாலும் இது ஒரு கல்வி நகரமாக விளங்கியது. 1920களின் இறுதியில் தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை பொன்மலையில் அமைந்தபோது தொழிலாளர் குடியிருப்புகளும் அவற்றோடு வந்தன. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவான திருவரங்கத்தில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளை ஒட்டியே பள்ளிகள் எழுந்தன. இத்தகைய ஊர்களில் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து சேர்வதே மாணவனுக்கும் மாநிலப் போட்டிக்கும் இடையிலான முதல் இணைப்பாகும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இன்று வழக்கிலுள்ள முறை இதே ஏணியைப் பின்பற்றுகிறது. பள்ளி ஆண்டு விழாவில் வெல்லும் மாணவர் குறுவட்டப் போட்டிக்குச் செல்கிறார். அங்கிருந்து மாவட்டப் போட்டிக்கும் பின்னர் மாநிலப் போட்டிக்கும் முன்னேறுகிறார். குடியரசு நாள் விளையாட்டுப் போட்டிகளும் பாரதியார் நாள் விளையாட்டுப் போட்டிகளும் இவ்வாறே நடத்தப்படுகின்றன. திருவரங்கத்தில் ஓடத் தொடங்கும் ஒரு மாணவி, தன் பெற்றோர் அதுவரை பார்த்திராத நகரத்துக்கு இந்த ஏணியின் வழியே சென்று சேர முடிகிறது.

2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஐந்து தடகள வீரர்கள் தேர்வாயினர். அவர்களுள் ஆரோக்கிய ராஜீவ், தனலட்சுமி சேகர், சுபா வெங்கடேசன் ஆகிய மூவர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஆரோக்கிய ராஜீவ் 2014 இல் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் வென்றவர்.

2024 சனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகள் தமிழ்நாட்டில் நடைபெற்றன. சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகியவற்றோடு திருச்சிராப்பள்ளியிலும் சில ஆட்டங்கள் நடந்தன. கேரளத்தின் களரிப்பயிற்று, கம்பத்தில் ஏறி ஆடும் மல்லகம்பம் ஆகியவை இந்நகருக்கு ஒதுக்கப்பட்டன. அதே போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. பதக்கப் பட்டியலில் தமிழ்நாடு முதன்முறையாக இரண்டாம் இடத்தை அடைந்தது.

உலகில் இத்தகைய பிற முயற்சிகள்

பெரிய போட்டிகளின் மையங்களிலிருந்து தொலைவில் வாழும் இளையோருக்கு எவ்வாறு வாய்ப்பளிப்பது என்பது இந்தியாவுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. ஒய்.எம்.சி.ஏ இயக்கத்தைச் சேர்ந்த எல்வுட் பிரவுன் முன்னின்று 1913 இல் மணிலாவில் தூரக் கிழக்குப் போட்டிகளைத் தொடங்கினார். 1967 இல் கனடாவின் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளில், அந்நாட்டின் வட எல்லைப் பகுதிகளைச் சேர்ந்த இளையோர் தெற்கு மாநிலங்களின் வீரர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திரும்பினர். அதன் விளைவாக 1970 இல் யெல்லோநைஃப் நகரில் ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் தோன்றின. யூக்கான், வடமேற்கு ஆட்புலங்கள், அலாசுக்கா ஆகியவை முதற்போட்டியில் கலந்துகொண்டன. பனிச்சறுக்கு போன்ற ஆட்டங்களோடு இனுவிட்டு, தெனே மக்களின் மரபு ஆட்டங்களும் பின்னர் அதில் சேர்க்கப்பட்டன.

பனி உறையும் வடதுருவப் பகுதிக்கும் வெயில் சுடும் காவிரிச் சமவெளிக்கும் பொதுவான பாடம் ஒன்று இதில் உள்ளது. திறமை எங்கும் இருக்கிறது. அதைக் காண்பதற்குரிய திடலும் ஆசிரியரும் அருகில் இருப்பதே அரிது. தம் மண்ணின் ஆட்டத்தோடு பிற ஆட்டங்களையும் ஆட இடமிருந்தால் இளையோர் தயக்கமின்றி வருகின்றனர்.

மறைவும் மரபும்

பக் 1943 இல் காலமானார். அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1940 இலும் 1944 இலும் நடக்க வேண்டிய ஒலிம்பிக் போட்டிகள் போரினால் கைவிடப்பட்டன. விடுதலை பெற்ற இந்தியாவையும் 1951 இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளையும் பக் காணவில்லை.

அவர் தொடங்கிய முறை பிற நகரங்களிலும் பின்பற்றப்பட்டது. 1930களில் ஐதராபாத்து, கல்கத்தா, லக்னோ, பம்பாயை அடுத்த கண்டிவலி ஆகிய இடங்களில் உடற்கல்விப் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. தமிழ்நாட்டில் 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் எனத் தனிப் பல்கலைக்கழகம் ஒன்று அமைந்தது. சென்னை ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரி 2020 இல் நூறு ஆண்டுகளை நிறைவு செய்தது.

போட்டி முடிந்ததும் வெற்றி பெற்றவரின் பெயர் பதிவாகிறது. கோடிட்டவர், நேரம் குறித்தவர், சிறுவனைப் பேருந்தில் அழைத்து வந்த ஆசிரியர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாவதில்லை. பக் தம் வாழ்நாளில் உருவாக்கியது இவர்களையே.